மூன்று யூரோ இதழ்

பார்சிலோனாவில் இருந்த ஐந்து வருடத்தில் நான் வாரம் தவறாமல் போன ஒரே கோயில் சாந்த் அந்தோனி ஞாயிற்றுச் சந்தைதான். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது. பழைய புத்தகம், தபால் அட்டை, சினிமா போஸ்டர், கட்டுக் கட்டாகக் காமிக்ஸ். ஓரத்தில் அப்பாக்களும் பிள்ளைகளும் கால்பந்து ஸ்டிக்கர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் எண்ணுவதுபோல வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். எதிரில் நிற்பவன் சொல்லிக்கொண்டே வருவான்: ‘தெங்கி, தெங்கி, ஃபால்தி.’ இருக்கு, இருக்கு, இல்லை. ‘ஃபால்தி’ என்று வந்த இடத்தில் கை நிற்கும், பேரம் தொடங்கும். எனக்கு அந்த ஊர்ப் பேச்சில் முதலில் காதில் ஒட்டிக்கொண்ட சொற்கள் இவைதான்.

ஒரு ஞாயிறு, நான் வழக்கமாக நிற்கும் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நையாண்டி வார இதழ் தொங்கியது. ‘எல் ஹுவேவெஸ்’, எண் 1573. மூலையில் பென்சிலால் 40 என்று எழுதியிருந்தது. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அப்புறம் அதையே மேசையெல்லாம் தேடுகிற ஆள். 2007இல் நீதிமன்றம் பறிமுதல் செய்த இதழ் அது என்று எனக்குத் தெரியும். நாற்பது யூரோ கொடுத்து வாங்குகிற ஆள் நான் இல்லை என்று அவருக்கும் தெரியும். சும்மா பேச்சுக் கொடுப்போமே என்று, ‘அந்தக் கிரீடம் போட்ட அட்டை இருக்கா? 2014ஆம் வருஷத்தது?’ என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ‘ஃபால்தி,’ என்றார். ‘எனக்கு மட்டுமில்லை. எல்லாருக்கும் ஃபால்தி.’ பிறகு குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த அட்டைப் பெட்டியைத் துழாவி வேறொரு இதழை எடுத்துப் போட்டார். உறைகூட இல்லை, முனை மடங்கி, பின்னட்டையில் யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டம். முன்னட்டையில் பொதேமோஸ் கட்சியின் பாப்லோ இக்லேசியாஸ். ‘அதுக்குப் பதிலா வந்தது இது. மூணு யூரோ.’

வாங்கினேன். மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. நீதிபதி பறித்த இதழ் நாற்பது யூரோ. இடத்தை அடைத்துக்கொண்டு வந்த இதழ் மூன்று யூரோ. உண்மையில் வந்திருக்க வேண்டிய, பத்திரிகை நிர்வாகமே அழித்துவிட்ட அந்தக் கிரீட இதழுக்கு விலையே கிடையாது, ஏனென்றால் சரக்கே கிடையாது. அந்தப் படத்தை இணையத்தில் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க, பேரம் பேச, மேசைக்குக் கீழே போட்டுவைக்க ஒன்று இல்லை. அரசாங்கத்தின் கையில் சிக்கியது பிழைத்திருக்கிறது, முதலாளியின் கையில் சிக்கியது காணாமல் போயிருக்கிறது. இதில் எனக்கு என்ன உறுத்துகிறது என்று அன்றைக்குப் புரியவில்லை. புரிந்தபோது அது ஸ்பெயின் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

புதன்கிழமை வரும் வியாழன்

‘ஹுவேவெஸ்’ என்றால் வியாழக்கிழமை. வார இதழாக இருந்த காலத்தில் பத்திரிகை கடைக்கு வந்தது புதன்கிழமை. அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்வார்கள்: ‘புதன்கிழமைகளில் வெளிவரும் பத்திரிகை’. சின்னம், அம்மணமாக நிற்கும் ஓர் அரசவைக் கோமாளி. இந்த இரண்டைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடலாம். கட்டங் கட்டமாகச் சித்திரத் தொடர்கள், அரசியல்வாதிகள், பாதிரியார்கள், போலீஸ், கால்பந்து, படுக்கையறை. நாசூக்கு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டுக்கு மாமியார் வந்திருக்கும்போது டீப்பாயில் கிடக்கக்கூடிய பத்திரிகை அல்ல. எனக்கே பாதிப் பக்கங்கள் பிடிக்காது. பெண்களை வரைந்த விதத்தில் பல பக்கங்கள் இன்றைக்குப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும். ரசிகனாக இதை எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் இதழ் 1977 மே 27 அன்று பார்சிலோனாவில் வந்தது. சர்வாதிகாரி பிராங்கோ செத்து ஒன்றரை வருடம். நாற்பது வருடத்துக்குப் பிறகு நடந்த முதல் சுதந்திரமான தேர்தல் ஜூன் 15. நடுவில் மூன்றே வாரம்கூட இல்லை. சர்வாதிகாரத்தில் நகைச்சுவைப் பத்திரிகையே இல்லாமல் இருந்தது என்றில்லை. 1941இல் தொடங்கிய ‘லா கொதோர்னிஸ்’ இருந்தது. அது தணிக்கையோடு கண்ணாமூச்சி ஆடியே வயதானது, 1978இல் மூடிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒளிந்து ஆடப் பொறுமை இல்லை. அதற்கான விலையும் உடனே தெரிந்தது. அதே 1977 செப்டம்பர் 20 அன்று, ‘எல் பாப்புஸ்’ என்ற இன்னொரு நையாண்டி இதழின் அலுவலகத்துக்குத் தீவிர வலதுசாரிகள் ஒரு பெட்டியை அனுப்பினார்கள். அதில் குண்டு. கட்டடத்தின் காவலாளி ஹுவான் பெனால்பெர் செத்துப்போனார், பதினேழு பேருக்குக் காயம். கார்ட்டூன் போட்டவர்கள் மாடியில் இருக்க, கீழே வாசலில் நின்றவர் போய்விட்டார். அந்த முகவரி தாய்யெர்ஸ் தெருவில் 77ஆம் எண். பழைய இசைத்தட்டுக் கடைகளுக்காக அந்தத் தெருவுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்த விஷயம் தெரிந்த பிறகு ஒரு நாள் 77ஆம் எண்ணைத் தேடிப் போய் வாசலில் நின்றேன். ஒரு பையன் ஸ்கேட்டிங் பலகையை உருட்டிக்கொண்டு போனான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

‘எல் பாப்புஸ்’ ஆட்களில் பலர் பின்னால் ‘எல் ஹுவேவெஸ்’ பக்கம் வந்தவர்கள். அவர்களில் இவா என்று கையெழுத்துப் போட்டவர் எனக்கு ஒருவகையில் ஸ்பானிஷ் வாத்தியார். அவருடைய ‘மகினவாஹா’ பார்சிலோனாவின் பழைய சந்து பொந்துகளில் திரியும் ஒரு சில்லறைத் திருடனின் கதை. வசனங்களை எழுத்துப்பிழையோடு, வாயில் வருகிற மாதிரியே எழுதுவார். மெட்ராஸ் பாஷையை அப்படியே அச்சில் ஏற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. அகராதியில் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது, வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். நான் வாய்விட்டுப் படித்தேன். அதன் பலனாக ஒரு நாள் அலுவலகக் கூட்டத்தில், ‘இந்த வேலை கொஞ்சம் சிக்கல்’ என்று சொல்ல நினைத்து, மகினவாஹா போலீஸ்காரனிடம் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த அம்மாவுக்குக் காபி புரையேறியது. இவா 1993இல் கார் விபத்தில் இறந்தார். கட்டாய ராணுவச் சேவையைக் கிழி கிழியென்று கிழித்த அவருடைய இன்னொரு தொடரைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை ஸ்பெயினில் இருக்கிறது. அந்தச் சேவை 2001இன் முடிவில் நின்றது. தொடர்தான் நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சார்ஜென்ட் என்றாலே சிரிப்பு வருகிற நாட்டில் சார்ஜென்ட் வேலை பார்ப்பது கஷ்டம்.

என் கணக்குக்கு முக்கியமான வருடம் 1982. அந்த வருடம் ஆஸ்கர், ஹோசே லூயிஸ் மார்த்தின், ஜின் என்ற மூன்று ஓவியர்கள், அதுவரை ஒரு பெரிய பதிப்புக் குழுமத்திடம் இருந்த பத்திரிகையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். படம் போடுகிறவனே முதலாளி. அட்டையில் என்ன வரும் என்று முடிவு செய்கிற ஆளும், அதனால் வரும் வக்கீல் செலவைக் கட்டுகிற ஆளும் ஒருவரே. ‘இதைப் போடலாமா’ என்று மேலே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, மேலே கூரைதான். 2006இல் பத்திரிகை ஆர்.பி.ஏ. என்ற பெரிய பதிப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. வயதானவர்கள், உழைத்தவர்கள், விற்றார்கள். இதில் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மேலே ஒரு மாடி கட்டினார்கள், அவ்வளவுதான்.

நீதிபதியின் புண்ணியம்

2007 ஜூலையில் பிரதமர் சபத்தேரோ, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,500 யூரோ என்று அறிவித்தார். இரண்டு வாரத்தில் 1573ஆம் இதழ் வந்தது. ஓவியர் கிய்யெர்மோ, வசனம் மனேல் ஃபோந்தெவீலா. அட்டையில் பட்டத்து இளவரசர் ஃபெலிப்பேயும் மனைவி லெத்தீசியாவும் கட்டிலில், எந்த நிலையில் என்று நான் விவரிக்கப்போவதில்லை. இளவரசர் சொல்கிறார்: ‘புரியுதா? நீ மட்டும் உண்டாயிட்டா... என் வாழ்க்கையில நான் செஞ்சதிலேயே வேலைன்னு சொல்ற மாதிரி இருக்கிறது இதுதான்!’ கேலி யார் மேல் என்று பார்த்தால் இளவரசர் மேல் பாதி, ஓட்டுக்காகக் குழந்தைக்கு விலை வைத்த அரசாங்கத்தின் மேல் பாதி. வசனத்தை எடுத்துவிட்டால் வெறும் ஆபாசம். வசனத்தோடு பார்த்தால் வருமானக் கணக்கு.

இதழ் புதன்கிழமை கடைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, ஜூலை 20, நீதிபதி ஹுவான் தெல் ஓல்மோ பறிமுதல் உத்தரவு போட்டார். ஸ்பானிஷ் சட்டத்தில் இதற்கு ‘செகுவெஸ்த்ரோ’ என்று பெயர். ஆளைக் கடத்துவதற்கும் அதே சொல்தான். நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போய் ‘கடத்தல்’ செய்யக் கிளம்பினார்கள். பல கடைகளில் விற்றுத் தீர்ந்திருந்தது. உத்தரவில் அச்சு வார்ப்பையும் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். கணினிக் காலத்தில் வார்ப்புக்கு எங்கே போவது என்று ஓவியர்கள் சிரித்தார்கள். அதுவரை அந்தப் பத்திரிகையைக் கையால் தொடாதவர்களும் அட்டையைப் பார்த்துவிட்டார்கள். இணைய ஏலத்தில் இதழின் விலை எங்கேயோ போனது. அடுத்த வாரம் பத்திரிகை பெரிய மனசு பண்ணி ‘திருத்தம்’ வெளியிட்டது: ‘நாங்கள் போட நினைத்த அட்டை இதுதான்.’ படத்தில் இளவரசர் ஒரு தேனீ, லெத்தீசியா ஒரு பூ. பள்ளிக்கூடத்தில் மகரந்தச் சேர்க்கை பாடம் எடுத்த எந்த டீச்சரும் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தேனீயின் முகத்தில் இருக்கும் அசட்டுச் சிரிப்புக்கு நான் அந்த நாற்பது யூரோவைக் கொடுத்திருப்பேன்.

நவம்பரில் தீர்ப்பு. அரச வாரிசை அவமதித்ததாக இருவருக்கும் ஆளுக்கு 3,000 யூரோ அபராதம். இந்த இடத்தில் நம்மவர்களுக்கு, ஆசிரியரை ஜெயிலுக்கு அனுப்பிய 1987 விகடன் அட்டை ஜோக்கும், பின்னால் கோர்ட் அவருக்கு நஷ்ட ஈடாகக் கொடுக்கச் சொன்ன அந்த ஆயிரம் ரூபாயும் நினைவுக்கு வந்திருக்கும், அந்தக் கதையைத் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை. நான் சொல்ல வருவது, அந்த 3,000 யூரோ தண்டனைக்கு ஒரு தேதி இருந்தது. ஒரு நீதிபதியின் பெயர் இருந்தது, ஒரு சட்டப்பிரிவு இருந்தது, மறுக்க வக்கீல் இருந்தார், வாசலில் நிருபர்கள் இருந்தார்கள். அநியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட அநியாயம்.

இதே பத்திரிகை பயந்ததும் உண்டு. டென்மார்க் கார்ட்டூன் விவகாரம் உலகம் முழுக்க எரிந்துகொண்டிருந்த 2006இல் அதன் அட்டை சொன்னது: ‘முகமது நபியை வரையலாம் என்றுதான் இருந்தோம்... பயத்தில் கால்சட்டையிலேயே போய்விட்டது!’ இந்த அட்டையை நான் ரொம்ப நாள் சாதாரண ஜோக்காகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வரையாமல் விட்டோம் என்பதை அட்டையிலேயே அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பயந்தவன் பயந்தேன் என்று சொன்னால் அங்கே ஒரு இதழாவது மிச்சம் இருக்கிறது.

ஜூன் மாதத்து அந்த வாரம்

2014 ஜூன் 2, திங்கட்கிழமை. மன்னர் ஹுவான் கார்லோஸ் முடி துறக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருடம் கிரீடம் வைத்திருந்தவர். பிராங்கோ தேர்ந்தெடுத்துவிட்டுப் போன வாரிசு, ஆனால் ஜனநாயகத்துக்கு வழிவிட்டவர் என்று அதுவரை நல்ல பெயர். 2012இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தபோது போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டதில் அந்தப் பெயர் பாதி போனது. மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது, ‘மன்னித்துக்கொள்ளுங்கள், தப்பு பண்ணிவிட்டேன், இனிமேல் நடக்காது’ என்று தொலைக்காட்சியில் சொன்னார், ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. மருமகன் மேல் ஊழல் வழக்கு வேறு. ஆக, ஒரு நையாண்டிப் பத்திரிகைக்கு இதைவிட நல்ல திங்கட்கிழமை வராது. புதன்கிழமைக்கு அட்டை வேண்டும். ஃபோந்தெவீலா வரைந்தார். ஏழு வருடம் முன்னால் அபராதம் கட்டிய அதே ஃபோந்தெவீலா. அப்பா மகனிடம் கிரீடத்தைக் கொடுக்கிறார், கிரீடம் நாறுகிறது, மேலே ஈ மொய்க்கிறது. கட்டில் இல்லை, அம்மணம் இல்லை. அந்தப் பத்திரிகையின் தரத்துக்கு இது பொங்கல் வாழ்த்து அட்டை.

அச்சாகியும்விட்டது. 60,000 பிரதிகள். நிர்வாகம் நிறுத்தியது. அச்சான அட்டைகள் அழிக்கப்பட்டன, இடத்துக்கு இக்லேசியாஸ் வந்தார். பத்து நாள் முன்னால் ஐரோப்பியத் தேர்தலில் ஐந்து இடம் பிடித்து எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய புது ஆள், அவரைப் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. அரண்மனையிலிருந்து யாராவது போன் பண்ணினார்களா? இந்தக் கேள்வியை அப்போது ஸ்பெயினில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அது முக்கியமாகவே படவில்லை. போன் வந்திருந்தால் அது ஒரு சாதாரணக் கதை. வராமலேயே, வந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் யோசித்திருந்தால், அது எனக்குத் தெரிந்த கதை. நீதிபதி இல்லை, உத்தரவு இல்லை, மேல்முறையீடு செய்ய எதிராளியே இல்லை. சொத்து அவர்களுடையது, காகிதம் அவர்களுடையது, தங்கள் காகிதத்தைத் தாங்களே அழிப்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. போலீஸ் பெட்டிக்கடைக்கு வருவதற்குள் நாலு பேராவது வாங்கிவிடுவார்கள். இங்கே பெட்டிக்கடைவரைக்கும் வரவே இல்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஃபோந்தெவீலாவும் அல்பேர்ட் மொந்தெய்ஸும் வேலையை விட்டார்கள். மொந்தெய்ஸ் ஒரு காலத்தில் அந்தப் பத்திரிகைக்கே ஆசிரியராக இருந்தவர். இருவரும் சேர்ந்து வருடக்கணக்காக ஒரு தொடர் போட்டவர்கள். பின்னாலேயே கிய்யெர்மோ, பெர்னார்தோ வெர்காரா என்று ஒவ்வொருவராக, பத்துக்கும் மேல். யோசித்துப் பாருங்கள், ஸ்பெயினில் சித்திரக் கலைஞனுக்கு வாராவாரம் சம்பளம் வருகிற இடம் எத்தனை இருக்கும்? அந்த ஒரு நாற்காலிக்காக இருபது வருடம் வரைந்தவர்கள். நீதிபதி 3,000 யூரோ கட்டச் சொன்னபோது கட்டிவிட்டு மறுநாள் அதே மேசைக்கு வந்து தேனீ ஜோக்கைத் தொடர்ந்தவர்கள். அதே கிய்யெர்மோவும் ஃபோந்தெவீலாவும் இந்த முறை மேசையே வேண்டாம் என்று எழுந்தார்கள். எதிரி அடிப்பதைத் தாங்கலாம் போலிருக்கிறது. அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினால், காலையில் உன் பக்கத்தை உன் வீட்டுக்காரர்களே எடுத்துவிட்டார்கள் என்றால், அடுத்த திங்கட்கிழமை பென்சிலை எடுக்கும்போது கை எதை வரையும்? போனது ஒரு அட்டைதான். ஆனால் இனிமேல் வரையப்போகும் ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசனை வரும். அந்த ஒரு நிமிஷத்தோடு வேலை பார்க்க முடியாது என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜூன் 18 அன்று, புது மன்னர் பதவியேற்பதற்கு முதல் நாள், ‘பெருமையும் மனநிறைவும்’ என்று ஒரு டிஜிட்டல் இதழைக் கொண்டுவந்தார்கள். பழைய மன்னர் கிறிஸ்துமஸ் உரைகளில் வழக்கமாகச் சொல்லும் சொற்றொடர் அது, ‘எனக்குப் பெருமையும் மனநிறைவும் அளிக்கிறது’ என்பார், மிமிக்ரி கலைஞர்களின் சோறே அதுதான். குறைந்தபட்ச விலை 1.50 யூரோ, மேலே உங்கள் இஷ்டம். ஜனங்கள் வாங்கினார்கள். மாத இதழாக ஓடி, 2017இன் முடிவில் அவர்களே மூடிவிட்டார்கள். சொந்தக் கடையில் மேல் மாடி கிடையாது, ஆனால் கல்லாவும் சின்னது.

தங்கியவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பத்திரிகையும் செத்துவிடவில்லை, பின்னாட்களில் மன்னர்களை அட்டையில் போட்டுக் கிழிக்கவும் செய்தது. அப்படியென்றால் அந்த ஒரு வாரம் எதற்காக என்று கேட்டால் பதில் இல்லை. 2020 மார்ச்சில் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே, தன் அப்பாவிடமிருந்து வரக்கூடிய எந்தச் சொத்தும் தனக்கு வேண்டாம் என்று அறிவித்தார், அப்பாவுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையையும் நிறுத்தினார். அதே வருடம் ஆகஸ்டில் அப்பா நாட்டைவிட்டே போனார். செய்தியைப் படித்தபோது எனக்கு ஈ மொய்க்கும் அந்தக் கிரீடம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஓவியன் ஆறு வருடம் முன்னால் வரைந்ததை அரண்மனையே அதிகாரபூர்வ அறிக்கையாக வெளியிட்டுவிட்டது, நாகரிகமான மொழியில்.

சரி அண்ணே

பார்சிலோனாவுக்கு வருவதற்கு முன் வேறொரு நாட்டில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே ஒரு தமிழ்ச் சங்கம், வருடா வருடம் பொங்கல் மலர். காலேஜ் காலத்திலிருந்து நான் கிறுக்குகிறவன் என்று தெரிந்து மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். வரைந்து கொடுத்தேன். மேடையில் புரவலர் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் பரத நாட்டிய உடையில் ஐந்து குழந்தைகள் நெற்றிச்சுட்டி சரிய வரிசையாகத் தூங்குகின்றன. கீழே ஒரு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு இன்னொரு அம்மாவிடம் சொல்கிறார்: ‘அவர் பேசி முடிக்க மாட்டார், காலைச் சுத்தியே போட்டுடு கோலத்தை.’ முந்தின வருடம் அவர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியதை எல்லோரும் அனுபவித்திருந்தார்கள்.

செயலாளர் போன் பண்ணினார். தங்கமான மனிதர், எனக்கு அந்த ஊரில் வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். ‘தம்பி, படம் பிரமாதம். உங்க அண்ணி வயிறு வலிக்கச் சிரிச்சா. ஆனா இந்த வருஷம் மட்டும் வேண்டாமே. ஹால் வாடகை அவர்தானே குடுக்கறார்.’ ‘சரி அண்ணே’ என்றேன். முழுசாக இரண்டு விநாடிகூட ஆகவில்லை. புரவலர் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்றால் இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருக்கவும் கூடும், பேச்சு நீளமே தவிர ஆள் கெட்டவர் இல்லை. மலரில் என் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. அடுத்த வருடமும் கேட்டார்கள். மேடை, மைக் இரண்டையும் தவிர்த்து ஊர்க் குளிரைப் பற்றி ஒன்று வரைந்தேன். அதற்கடுத்த வருடம் ஒரு கோலம் வரைந்து கொடுத்தேன். வெறும் கோலம். பதினைந்து புள்ளி, நேர்ப்புள்ளி. யாரும் என்னிடம் கோலம் போடச் சொல்லவில்லை.

மெட்ரோவில் இக்லேசியாஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது உறுத்தியது இதுதான் என்று பிடிபட எனக்குப் பல மாதம் ஆயிற்று. என் மைக் படம் இப்போது எங்கே இருக்கிறது? பழைய மடிக்கணினியில் இருந்தது, அது கெட்டுப்போனது. அசல் தாளை வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டேன். யாரும் தடை செய்யவில்லை, அதனால் யாரிடமும் ஒரு பிரதி இல்லை.

போன டிசம்பரில் அதே செயலாளர் கூப்பிட்டார். எத்தனையோ வருடம் கழித்து. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, மற்றபடி அதே பிரியம். சங்கத்துக்கு இருபதாவது வருஷமாம், பழைய ஆட்களிடமெல்லாம் மலருக்கு ஏதாவது கேட்கிறார்களாம். புரவலர் ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ‘ஜாலியா ஒண்ணு வரைஞ்சு குடுங்க தம்பி, உங்க படம்னா அண்ணிக்கு உசிரு.’ எனக்குள் எங்கிருந்தோ ஒரு குறும்பு வந்தது. ‘அந்த மைக் படத்தையே திரும்ப வரைஞ்சு தரட்டுமா அண்ணே?’ என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. சங்கடத்தில் நெளிகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவர் நடித்தால் எனக்குத் தெரியும், அவருக்கு நடிக்க வராது.

‘எந்த மைக் படம் தம்பி?’ என்றார். ‘அப்படி ஒண்ணு வரைஞ்சீங்களா?’